சட்டப்படி சாரும் ஒரு பஸ் டிக்கெட்டும்

உலகத்தில் எத்தனையோ துப்பறிவாளர்கள் இருக்கலாம். யாரைத் துப்பறிய வந்தாரோ அவரிடமே போய், "ஐயா, உங்களப் பத்தி விசாரிக்க வந்திருக்கேன், விசாரிக்கலாமா?" என்று கேட்ட துப்பறிவாளர் ஒரே ஒருத்தர்தான். அவர் எங்கள் திண்டிவனத்தில் இருந்தார். கேட்கும்போது அவருக்குக் கை நடுங்கும். முழங்கால் நடுங்கும். கேஸ் கொஞ்சம் பெரிசு என்றால் மூக்குக் கண்ணாடியும் சேர்ந்து நடுங்கும். நான் அளக்கிறேன் என்று நினைப்பவர்கள் எங்கள் மண்டித் தெருவுக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம்.

பெற்றவர்கள் வைத்த பேர் அவருடைய போர்டில் இருந்தது. அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. வாயைத் திறந்தால் "சட்டப்படி பாத்தா" என்றுதான் ஆரம்பிப்பார். டீக்கடையில் சர்க்கரை தூக்கலாக இருந்தால்கூட, "சட்டப்படி பாத்தா நான் கம்மியாத்தான் கேட்டேன்" என்பார். தெரு முழுக்க அவருக்கு 'சட்டப்படி சார்' என்று பேர் வைத்துவிட்டது. நான் 'சார்' என்பேன். அவர் என்னை 'அமுதாம்மா' என்பார். அவரைவிட எனக்கு இருபது வயது குறைவு என்பதை எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாயிற்று. பெண்களை மரியாதைக் குறைவாகக் கூப்பிட்டுவிட்டால் என்ன ஆகுமோ என்று பயம்.

அப்போது நான் ஒரு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மண்டிக்கு மேலே, மாடியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருந்தேன், இப்போதும் வைத்திருக்கிறேன். நடுவில் பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் அவருடைய ஆபீஸ். ஒரு மேஜை, மூன்று நாற்காலி, தண்ணீர் நிரப்பிய இரண்டு சொம்பு. ஒரு சொம்பு வருகிறவருக்கு, இன்னொன்று பயம் வந்தால் இவருக்கு. கோர்ட்டில் முப்பது வருஷம் அமீனாவாக இருந்தவர். ஊர் ஊராய்ப் போய் சம்மன் கொடுத்து, நாலு நாய் கடித்து, ஒரு எருமை முட்டி, ரிடையரானவர். "அடுத்தவன் ஊட்டு வாசல்ல நிக்கறது ஒண்ணுதாம்மா எனக்குத் தெரிஞ்ச தொழிலு" என்று சொல்லி இந்த விசாரணை ஆபீசைத் திறந்தார்.

திறந்த நாளிலிருந்து அவருக்கு ஒரு பெரிய பயம், லைசென்ஸ். லைசென்ஸ் இல்லையே என்ற பயம் இல்லை. இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் கொடுக்கவே ஒரு சட்டம் இல்லையே என்ற பயம்.

"சட்டம் இருந்தா அதுக்கு உள்ள நின்னுக்கலாம். சட்டமே இல்லன்னா நான் எங்கம்மா நிக்கறது?"

அதனால் தானே ஒரு சட்டம் எழுதி, என்னிடம் டைப் அடித்து, லேமினேஷன் போட்டு, தலைக்கு மேலே மாட்டிக்கொண்டார். அடுத்தவர் வீட்டு வாசற்படியைத் தாண்டக் கூடாது. போலீஸ் என்றோ, கரன்ட் ஆபீஸ் என்றோ, வேறு யார் என்றோ பொய் சொல்லக் கூடாது. பெண்களைப் போட்டோ எடுக்கக் கூடாது, போன் நம்பர் வாங்கக் கூடாது. ஒருத்தருடைய விஷயத்தை இன்னொருத்தரிடம் பேசக் கூடாது. கடைசியாக, தேடிக் கண்டுபிடித்த ஆளைக் கேட்காமல் அவர் இருக்கும் இடத்தை யாருக்கும் சொல்லக் கூடாது. இதைப் படித்துவிட்டு, "அப்புறம் இவரு இன்னாத்த கண்டுபுடிப்பாரு?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு.

ஆனால் கண்டுபிடித்தார். அதுதான் வேடிக்கை.

விழுப்புரத்தை அடுத்த காணை என்ற ஊர்ப் பக்கம் ஒரு மாப்பிள்ளை. பையன் குடிக்கிறானா என்று ரகசியமாகப் பார்த்துச் சொல்லும்படி பெண் வீட்டார் இவரைக் கேட்டிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் நிச்சயத்துக்கு முன்னால் இப்படி ஒரு விசாரணை நடக்காத கல்யாணம் கிடையாது. டீக்கடை, சலூன், இஸ்திரி வண்டி மூன்றிலும் கேட்டால் ஜாதகத்தில் வராததெல்லாம் வந்துவிடும். சார் அங்கெல்லாம் போகவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்கு எதிரே, ரோட்டுக்கு அந்தப் பக்கம், புளியமரத்தடியில் போய் நின்றார். காலை எட்டு மணிக்கு நின்றவர் பன்னிரண்டு வரை நின்றார். உள்ளேயிருந்து பையனின் அம்மா வந்தார்.

"யாருங்க நீங்க? காலைலேர்ந்து நின்னுக்கினே இருக்கீங்க?"

சாருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பொய் சொன்னால் தப்பு. சொல்லாமல் ஓடினால் சந்தேகக் கேஸ்.

"யம்மா, நான் துப்பறிய வந்திருக்கேன். உங்க பையன் குடிக்கிறாரான்னு பாக்கச் சொன்னாங்க. சட்டப்படி பாத்தா இது பொது ரோடு. நீங்க நிக்கக் கூடாதுன்னா போயிடறேன்."

அந்த அம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். உள்ளே போய் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து கொடுத்தார். "மொதல்ல இத குடிங்க. மயக்கம் போட்டு உழுந்துடப் போறீங்க" என்றார். இவர் குடித்து முடித்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "குடிக்கிறான்ங்க. தெனைக்கும் குடிக்கிறான். எவனோ பெத்த பொண்ணக் கொண்டாந்து எங்க ஊட்டுல பாழாக்கணுமா? நீங்களாச்சும் போய் சொல்லிடுங்க."

அந்த ரிப்போர்ட்டை நான்தான் டைப் அடித்தேன். இரண்டே வரி. 'மாப்பிள்ளை குடிக்கிறார். சொன்னவர் அவருடைய தாயார்.'

இன்னொரு நாள் மயிலத்திலிருந்து ஒருத்தர் வந்தார். தன் சம்சாரம் போனில் யாரிடம் பேசுகிறாள் என்ற லிஸ்ட் வேண்டுமாம். "மெட்ராஸ்ல எல்லாம் ஜல்தியா எடுத்துத் தர்றாங்களாம் சார்" என்றார். சார் விருட்டென்று எழுந்து ஜன்னல்கள் இரண்டையும் திறந்தார். தாங்கள் சதி செய்யவில்லை என்று தெருவுக்குத் தெரிய வேண்டுமாம். அப்புறம் தன் சொம்புத் தண்ணீரைக் கவிழ்த்துக் குடித்தார்.

"நீங்க கேட்டது தப்பு. நீங்க கேட்டத நான் காதுல வாங்கிட்டேன், அது தப்பா இல்லியான்னு எனக்கே தெரியல. எழுந்துருங்க."

"இதுல இன்னா சார் பேஜாரு? என் பொண்டாட்டி தானே?"

"அவங்க கிட்ட நீங்க பேசுவீங்களா?"

"பேசறதில்லீங்க. ஆறு மாசமாவுது."

"அப்போ அவங்க யார்கிட்டயாச்சும் பேசத்தான செய்வாங்க? போய்ப் பேசுங்க."

தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அவர் போன பிறகு சாரிடம் கேட்டேன்: "இவ்ளோ பயப்படறவரு எதுக்கு சார் இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?"

"பயப்படறவந்தாம்மா வரணும். பயமில்லாதவன் கையில அடுத்தவங்க விஷயம் மாட்டுனா இன்னா ஆவும்?"

அன்றைக்கு இதற்கும் சேர்த்துச் சிரித்தேன்.

போலீஸ் பயத்தைச் சொல்லாவிட்டால் அவரைச் சொன்னதாகவே ஆகாது. பஸ் ஸ்டாண்டிலிருந்து எங்கள் தெருவுக்கு ஐந்து நிமிஷ நடை. வழியில் போலீஸ் ஸ்டேஷன் இருப்பதால் சார் இருபது நிமிஷம் சுற்றி வருவார். என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க ஒரு கான்ஸ்டபிள் வருவார், தங்கமான பிள்ளை. அவர் பூட்ஸ் சத்தம் படியில் கேட்டால் தடுப்புக்கு அந்தப் பக்கம் நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். மேஜைக்கு அடியில் சார். "பேனா உழுந்துடுச்சி" என்பார். அந்தப் பேனா வாரத்துக்கு இரண்டு தடவை விழும்.

இப்போது அந்த டிக்கெட் விஷயம். சாருக்கு நேர்மையில் ஒரு கிறுக்கு இருந்தது. வீட்டில் உட்கார்ந்துகொண்டே போய் வந்ததாகக் கதை எழுதுகிற ஆள் இல்லை தான் என்று காட்ட, ஏறி இறங்கிய ஒவ்வொரு பஸ்ஸின் டிக்கெட்டையும் ஒரு வெள்ளைத் தாளில் வரிசையாக ஒட்டி, ரிப்போர்ட்டுக்குப் பின்னால் வைத்துத் தைத்துவிடுவார். கண்டக்டர் மெஷினில் வருகிற டிக்கெட் அல்லவா, எங்கே ஏறி எங்கே இறங்கினார் என்று அதிலேயே இருக்கும். வெயில் பட்டால் அந்த எழுத்து மங்கிவிடும் என்று பஸ்ஸை விட்டு இறங்கியதும் அந்தச் சுற்று வழியிலேயே என்னிடம் ஓடி வந்து ஜெராக்ஸ் எடுப்பார். "சாமி பிரசாதம் மாதிரி கொண்டாறீங்களே சார்" என்று கிண்டல் செய்வேன். அந்தத் தாள்தான் ஒரு பெண்ணின் உயிருக்கு உலை வைக்கப் பார்த்தது. வைக்கப் பார்த்தவள் நான்.

ஒரு நாள் வெள்ளைச் சட்டை போட்ட ஒருத்தர் வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். மெதுவான குரல். என்னைக்கூட 'மேடம்' என்றுதான் கூப்பிட்டார். விழுப்புரத்துக்கு அந்தப் பக்கம் கிராமம், கரும்புப் பயிர். தங்கை வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷமாகிறதாம், பேர் கோமதியாம். கோட்டக்குப்பத்தில் பஸ் ஏறியதை யாரோ பார்த்தார்களாம். கையில் ஒரு போட்டோ, இரட்டைச் சடையோடு ஸ்கூல் யூனிபார்மில்.

"அம்மா படுத்த படுக்கையா கெடக்கறாங்க சார். பேரச் சொல்லிச் சொல்லி அழறாங்க. கண்ண மூடறதுக்குள்ள ஒரு வாட்டி காட்டிட்டாப் போதும். நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

சொல்லும்போது கண்ணில் தண்ணீர். ஆம்பளை அழுதால் அது உண்மையாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ரகம் நான். என் அம்மா அந்த வருஷம்தான் ஆஸ்பத்திரியில் என் பேரைச் சொல்லிக்கொண்டே போயிருந்தார். நான் போய்ச் சேர்வதற்குள் துணி போர்த்திவிட்டார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நானும் அழுதேன்.

சார் பத்து நாள் பஸ்ஸில் அலைந்தார். வந்து வந்து ஜெராக்ஸ் எடுத்தார். திண்டிவனம் டு கோட்டக்குப்பம். அப்புறம் குயிலாப்பாளையம். மறுபடி குயிலாப்பாளையம். மூன்றாம் தடவையும் அதே ஊர். பெண் கிடைத்துவிட்டாள் என்று புரிந்தது. ஆனால் அந்த மூன்றாம் நாள் திரும்பி வந்தவரின் முகம் சரியில்லை. இரண்டு சொம்புத் தண்ணீரையும் குடித்துவிட்டு ரிப்போர்ட் சொன்னார், நான் அடித்தேன்.

'ஆள் உயிரோடு நலமாக இருக்கிறார். மேஜர். தன் விருப்பப்படி வாழ்கிறார். இருக்கும் இடத்தைத் தெரிவிக்க அவர் சம்மதிக்கவில்லை. விசாரணை முடிந்தது.'

வழக்கம்போல டிக்கெட் தாளையும் பின்னால் வைத்துத் தைத்துவிட்டார், அதிலேயே ஊர்ப் பேர் இருப்பது தோன்றாமல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா சார் இது? அந்த அம்மா சாவக் கெடக்குது. விலாசம் எங்க?"

"சம்மதிக்கலம்மா."

"ஏன் சம்மதிக்கல?"

"அது அந்தப் பொண்ணு விஷயம். பேசக் கூடாது."

"மனுஷத்தன்மைன்னு ஒண்ணு இருக்குது சார். உங்க லேமினேஷன்ல அது எங்க இருக்குது?"

மறுநாள் காலையில் சீக்கிரமே வந்து, "விழுப்புரம் எஸ்.பி. ஆபீஸ் வரைக்கும் போய்ட்டு வர்றேன். அவரு வந்தா பைலக் குடுக்காத. நான் வந்து குடுக்கறேன்னு சொல்லு" என்றார். போலீசைக் கண்டால் மேஜைக்கு அடியில் போகிறவர் எஸ்.பி. ஆபீசுக்குப் போகிறேன் என்கிறார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. கோபம் கண்ணை மறைத்தது.

பதினோரு மணிக்கு வெள்ளைச் சட்டைக்காரர் வந்தார். சார் இல்லை என்றதும் அந்த நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார்.

"மேடம், அம்மா ராத்திரிலேர்ந்து கண்ணத் தொறக்கல. டாக்டர் கைய விரிச்சிட்டாரு. நீங்களும் ஒரு பொம்பள, உங்களுக்குத் தெரியாதா?"

நான் எழுந்து அந்தப் பக்கம் போனேன். சாரின் மேஜையிலிருந்து பைலை எடுத்தேன். "இதுல விலாசம் எழுதலங்க" என்றேன். அவர் முகம் விழுந்தது. அந்த முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், இந்தக் கையால், இதோ இப்போது பேனா பிடித்திருக்கிற இதே கையால், கடைசித் தாளைத் திருப்பிக் காட்டினேன். "இதப் பாத்தா உங்களுக்கே புரியும்."

அவர் செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க மேடம். புண்ணியமாப் போவும்" என்று கும்பிட்டுவிட்டு இறங்கினார். பெரிய காரியம் செய்துவிட்ட பூரிப்பில் நான் ஜன்னலுக்குப் போனேன்.

கீழே ஒரு கார். உள்ளே மூன்று பேர், மூன்று பேரும் ஆண்கள். நம்மாள் அவர்களிடம் போனைக் காட்டினார். ஒருத்தன் இவர் தோளைத் தட்டினான். இவர் சிரித்தார். அம்மா செத்துக்கொண்டிருக்கிற மகன் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. கார் புதுச்சேரி ரோட்டுப் பக்கம் திரும்பியது.

கால் மணி நேரத்தில் சார் படியேறி வந்தார். எஸ்.பி. ஆபீசுக்கு எதிர் டீக்கடையில் ஒரு மணி நேரம் நின்றிருக்கிறார். அந்தக் கேட்டைத் தாண்டக் கால் வரவில்லை. அப்படியே திரும்பிவிட்டார். இதை அவர் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். போட்டுக்கொண்டார். மறுபடியும் கழற்றினார்.

"அம்மா சாவக் கெடக்குறாங்கன்னு..." என்று இழுத்தேன்.

"அந்தப் பொண்ணோட அம்மா செத்து மூணு வருஷமாவுதும்மா."

அவர் சொன்னதெல்லாம் தூரத்தில் கேட்டது. கோமதி வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அங்கே ஒரு பட்டறையில் இரண்டு பேரும் வேலை செய்கிறார்கள். நாலு மாதம் முழுகாமல் இருக்கிறாள். அண்ணன் அனுப்பினான் என்று இவர் கேட்டுக்கு வெளியே நின்று சொன்னபோது, கையிலிருந்த சட்டியைக் கீழே போட்டுவிட்டாளாம்.

"போன் பண்ணுங்க சார் அந்தப் பொண்ணுக்கு!"

"நம்பர் இல்லம்மா. பொம்பளைங்க நம்பர் நான் வாங்கறதில்லியே."

ஐயோ, அந்த லேமினேஷனைப் பிடுங்கி எறியலாம் போலிருந்தது. நூறுக்கு அடித்தேன். எடுத்தவர் கேட்டார்: "நீங்க யாருங்க? அந்தப் பொண்ணு எந்த எடத்துல இருக்கறாங்க?" எனக்கு ஊர்ப் பேரைத் தவிர ஒன்றும் தெரியாது. போனை சாரிடம் நீட்டினேன். அவர் அதைப் பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். அப்புறம் வாங்கினார். பட்டறைக்கு வழி சொன்னார். "நீங்க யாரு?" என்று அந்தப் பக்கம் மறுபடியும் கேட்டிருக்க வேண்டும். "விசாரணை பண்றவன்ங்க. எங்கிட்ட வந்த கட்சிக்காரரே அந்தப் பொண்ணக் கொல்லப் போய்க்கினு இருக்காரு. ஜல்தி சொல்லுங்க" என்றார். பக்கத்து ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கச் சொல்லி அங்கிருந்து பதில் வந்தது.

என் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். பின்னால் உட்கார்ந்தவரின் நடுக்கத்தில் வண்டியே ஆடியது. என் நடுக்கமும் சேர்ந்திருக்கும். ஸ்டேஷன் வாசலில் இறங்கினார். இத்தனை வருஷம் இருபது நிமிஷம் சுற்றி வந்த வாசல். ஒரு நொடி நின்றார். செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு உள்ளே போனார். கோயிலா அது, செருப்பைக் கழற்றுவதற்கு? வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் கேட்டுக்கொண்டே வயர்லெஸ்ஸில் ஆளைப் பிடித்தார். அந்தப் பக்கம் ஏற்கனவே ஜீப் கிளம்பியிருந்தது. அப்புறம் இவர் பக்கம் திரும்பினார்.

"லைசென்ஸ் இருக்குதா?"

"அப்டி ஒண்ணு கெடையாதுங்க சார்."

"அப்ப எந்த அதிகாரத்துல இதெல்லாம் பண்ணீங்க?"

"எந்த அதிகாரமும் இல்லீங்க. அதனாலதான் உங்ககிட்ட வந்திருக்கேன்."

இன்ஸ்பெக்டர் நாற்காலியைக் காட்டினார். ரைட்டர் பேப்பரை எடுத்து எழுத ஆரம்பித்தார். கார், கார் நிறம், கிளம்பிய நேரம். எல்லாம் எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினார். "அவனுக்கு அந்த எடம் எப்டி தெரிஞ்சுது? யாரு சொன்னது?"

சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சத்தியமாகத் திறந்தேன். அதற்குள் சார் பேசினார்.

"நாந்தாங்க. என் பைலு, என் டிக்கெட்டு. நான்தான் காட்டிட்டேன். இந்தம்மா பக்கத்துக் கடை. வண்டியில கொண்டாந்து உட்டாங்க, அவ்ளோதான்."

ரைட்டர் அதை அப்படியே எழுதினார். சார் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார். ஆச்சரியம், அந்தக் கையெழுத்துப் போடும்போது மட்டும் கை நடுங்கவில்லை. நான் கல்லாட்டம் நின்றேன். பேசாமல் நின்றேன். அந்தப் பேசாமல் நின்றதை நினைத்தால் இன்றைக்கும் சோறு இறங்காது.

அப்புறம் பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தோம். வயர்லெஸ் கரகரக்கும். நிமிர்வோம். வேறு ஏதோ லாரி, ஏதோ டிராபிக். திண்டிவனத்திலிருந்து அந்த ஊருக்குக் காரில் எவ்வளவு நேரம் என்று நான் மனசுக்குள் நூறு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் கார்தான் முதலில் போய்ச் சேர்ந்தது. அந்த இரட்டைச் சடை கண்ணெதிரே வந்து நின்றது. சார் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தார். சாமி பேரா, சட்டப் பிரிவா, தெரியாது.

கடைசியாக இன்ஸ்பெக்டர் வெளியே வந்தார். "பொண்ணும் பையனும் பத்திரமா இருக்கறாங்க. நாலு பேரையும் டீக்கடையிலயே மடக்கிட்டாங்க."

"டீக்கடையிலயா?" என்றேன்.

கார்தான் முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறது. ஆனால் டிக்கெட்டில் ஊர்தான் இருந்தது, வீடு இல்லை. அதனால் நிறுத்தத்து டீக்கடையில் போட்டோவைக் காட்டிக் கேட்டிருக்கிறார்கள். டீக்கடைக்காரர், "தெரியுமே, உக்காருங்க, டீ சாப்ட்டுட்டுப் போலாம்" என்று உட்கார வைத்து, பாலைப் பொங்கவிட்டு, மறுபடி அடுப்பில் ஏற்றி, கிளாஸ் கழுவி, அரை மணி நேரம் டீ போட்டிருக்கிறார். நடுவில் பின்பக்கமாக ஆளை அனுப்பிப் பட்டறைக்குத் தகவல் சொல்லிவிட்டார். ஜீப் வந்தபோது அந்த நாலு பேருக்கும் இரண்டாவது டீ நடந்துகொண்டிருந்ததாம்.

ஏன் அப்படிச் செய்தாய் என்று போலீஸ் கேட்டதற்கு அந்த மனிதர் சொன்னாராம்: "போன வாரம் ஒரு பெரியவரு வந்தாருங்க. நான் துப்பறிய வந்திருக்கேன்னு நடுங்கிக்கினே சொன்னாரு. போறப்போ, 'எனக்கப்புறம் யாராச்சும் இதே போட்டோவோட வந்தாங்கன்னா, எனக்குச் சொல்ல வாணாம், மொதல்ல அந்தப் பொண்ணுக்குச் சொல்லிடுங்க'ன்னு கையப் புடிச்சிக்கினு கேட்டாரு. அந்தக் கை நடுங்குன நடுக்கம் இருக்குதே, அத மறக்க முடியலீங்க."

கார் டிக்கியில் என்ன இருந்தது என்று இன்ஸ்பெக்டர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

வெளியே வந்து சார் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். "சார், நீங்க உள்ள சொன்னது..." என்று ஆரம்பித்தேன்.

"சட்டப்படி பாத்தா தப்புதாம்மா" என்றார். "வண்டிய எடு."

அத்தோடு சரி. அதன் பிறகு ஒரு வார்த்தை, ஒரு பார்வை, ஒரு குத்தல் கிடையாது. அந்தக் கேசுக்கு சாட்சி சொல்ல அவரை விழுப்புரம் கோர்ட்டுக்குக் கூப்பிட்டார்கள். ஆயுசெல்லாம் சம்மன் கொடுத்தவருக்கு சம்மன் வந்தது. வாங்கியபோது அமீனாவை உட்கார வைத்து மோர் கொடுத்தார், பாவம் வாசலில் நிற்கிறானே என்று. டிக்கெட் ஒட்டுகிற வழக்கத்தை அன்றோடு விட்டார். ஆபீசையும் கொஞ்ச நாளில் மூடிவிட்டு, விழுப்புரத்தில் மகள் வீட்டோடு போய்விட்டார். லேமினேஷன் மட்டும் என்னிடம் இருக்கிறது. கடையில் மாட்டியிருக்கிறேன். யாராவது வந்து கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னார் எங்கே இருக்கிறார் என்று கேட்டால், முதலில் அதைப் பார்ப்பேன்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவருக்குப் போன் போட்டேன். கோமதியைக் கேட்டாயா என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கேட்டேன், பேரையும் ஊரையும் அடையாளத்தையும் மாற்றிக்கொள்ளச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன் என்றேன். பெண் குழந்தையாம், நடக்க ஆரம்பித்துவிட்டதாம் என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் பெருமூச்சு விடும் சத்தம் கேட்டது.

"டிக்கெட்டக் காட்டுனது நான்தான்னு எழுதப் போறேன் சார்."

"வாணாம்மா. நான் அன்னிக்கி சொன்னது பொய்யின்னு ஆய்டும். பயமா இருக்குது."

"எனக்கும் பயமாத்தான் சார் இருக்குது."

அந்தப் பக்கம் சொம்புத் தண்ணீர் மடமடவென்று இறங்கியது.

"அப்போ எழுது" என்றார். "பயத்தோட எழுதுனா ஒழுங்கா எழுதுவ."

எழுதிவிட்டேன் சார். எழுதி முடிக்கும்வரை கை நடுங்கிக்கொண்டேதான் இருந்தது.